'கையெழுத்து மட்டும்தான் போட்டேன்': பெயரளவு இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனப் பதிவேட்டில் இயக்குநர் என்று பெயர் இருந்தும், அந்த நிறுவனத்தின் கூட்ட அறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைத்திராத அனைவருக்கும்,

வணக்கம்.

உங்களில் சிலர் கணவருக்காகக் கையெழுத்திட்டவர்கள். சிலர் அண்ணனுக்காக. இன்னும் சிலர், முதலாளி காகிதத்தை நீட்டியபோது மறுக்க வழியில்லாமல் ஒப்புக்கொண்ட ஊழியர்கள். 'ஆள் கணக்குக்கு ஒரு பெயர் குறைகிறது, சும்மா ஒரு கையெழுத்துதான்' என்று சொல்லித்தான் உங்களை அழைத்திருப்பார்கள். ஆள் கணக்கு என்பது உண்மைதான். இந்தியாவில் தனியார் நிறுவனத்துக்குக் குறைந்தது 2 இயக்குநர்களும் பொது நிறுவனத்துக்கு 3 பேரும் வேண்டும். சிங்கப்பூரில் ஒருவர் போதும் என்றாலும் அந்த ஒருவர் அங்கேயே வசிப்பவராக இருக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் நீங்கள் தேவைப்பட்டீர்கள். ஆனால் எண்ணிக்கையை நிரப்புவதற்காக மட்டுமே ஓர் இயக்குநர் இருக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்புகளை எழுதுவதையே தொழிலாகக் கொண்டு பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நிறுவனம் நொடித்து, அதன் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் கலைப்பாளரோ வரி அதிகாரியோ விசாரணைக்கு அழைக்கும் நாளில், உங்களைப் போன்றவர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.' அதை உங்கள் தற்காப்பு என்று நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறார். கவனித்திருக்க வேண்டியவர் கவனிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கான சான்றை உங்கள் வாயாலேயே கொடுத்துவிட்டீர்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அறியாமை நல்ல கேடயமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. கார்டிஃப் சேமிப்பு வங்கியின் தலைவர் பதவி, தந்தைக்குப் பிறகு ப்யூட் கோமகனுக்கு வந்தபோது அவர் 6 மாதக் குழந்தை. அதற்குப் பின் 38 ஆண்டுகளில் அவர் கலந்துகொண்ட குழுக் கூட்டம் ஒன்றே ஒன்று. வங்கி முறைகேட்டால் விழுந்து வழக்கு வந்தபோது, 1892இல் ஆங்கில நீதிமன்றம் அவர்மீது பொறுப்பில்லை என்றது. 1911இல் பிரேசில் ரப்பர் தோட்ட நிறுவன வழக்கில் வந்து நின்ற இயக்குநர்களும் வேடிக்கையானவர்களே. ஒருவருக்கு வணிகம் அறவே தெரியாது. ஒருவர் 75 வயதான, காது சரியாகக் கேட்காத முதியவர். இன்னொருவர், குழுவில் இருந்த வேறு இருவரும் நல்ல மனிதர்கள் என்று நம்பிச் சேர்ந்தவர். அவர்களும் தப்பினார்கள். வணிகம் தெரியாத ஒருவரைப் பங்குதாரர்களே இயக்குநராக்கினால் அதன் விளைவையும் அவர்களே ஏற்கட்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். 1925ஆம் ஆண்டின் சிட்டி ஈக்விட்டபிள் தீர்ப்பும் ஏறத்தாழ இதே வழியில்தான் சென்றது: ஓர் இயக்குநரிடம் அவருக்கு இருக்கும் அறிவும் அனுபவமும் எவ்வளவோ அவ்வளவு திறமையை மட்டுமே எதிர்பார்க்கலாம். அப்படியானால் குறைவாகத் தெரிந்தவருக்குக் கடமையும் குறைவு என்றாகிறது. அந்த வழக்கில் இயக்குநர்களைக் காப்பாற்றியது, 'வேண்டுமென்றே செய்தாலொழியப் பொறுப்பில்லை' என்று நிறுவனத்தின் சொந்த அமைப்பு விதிகளில் இருந்த ஒரு பிரிவு. சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அத்தகைய விலக்குகளைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. உங்களுக்கு அறிவுரை சொன்ன உறவினர் தமக்குத் தெரியாமலேயே இந்தப் பழைய காலத்துச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதைக் காட்ட ஒரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் அதில் வருபவர் உங்களைப் போன்றவர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிரிச்சர்ட் அண்ட் பெயர்ட் என்ற மறுகாப்பீட்டுத் தரகு நிறுவனம் இருந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்று இன்னொன்றிடம் சேர்ப்பிப்பது அதன் தொழில். ஆகவே அதன் கையில் புழங்கிய பணத்தின் பெரும்பகுதி பிறருடையது. நிறுவனர் 1973இல் இறந்தார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் இயக்குநர்கள். மகன்கள் 'பங்குதாரர் கடன்' என்ற தலைப்பில், வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே போனார்கள். 1975இல் நிறுவனம் திவாலானது. தாயோ அலுவலகத்தில் நடப்பதை அறிந்தவரில்லை. கணக்கறிக்கைகளை வாசித்ததில்லை. கணவர் இறந்த துயரத்தில் உடலும் மனமும் தளர்ந்து, குடிக்கு ஆளாகிக் கிடந்தார். மகன்களில் ஒருவரை நம்ப முடியாது என்று கணவர் சாவதற்கு முன்பே அவரிடம் எச்சரித்திருந்தார் என்பது வழக்கில் வெளிவந்த செய்தி.

மகன்கள் சுருட்டிய பணத்தை அவர் எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. இருந்தும் 1981இல் மாநில உச்ச நீதிமன்றம், 1 கோடி டாலருக்கும் அதிகமான தொகைக்கு அவரைப் பொறுப்பாக்கியது. அப்போது அவர் உயிரோடு இல்லை. பொறுப்பு அவர் விட்டுச் சென்ற சொத்தின்மீது விழுந்தது. நீதிமன்றம் காட்டிய காரணம் எளிமையானது. ஆண்டுக் கணக்கறிக்கை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் 'பங்குதாரர் கடன்' ஏறிக்கொண்டே போகிறது, மறுபக்கம் அன்றாடத் தொழிலை நடத்தும் பணமான நடைமுறை மூலதனத்தில் அதே அளவு பள்ளம் விழுகிறது. கணக்கியல் படித்தவராக இருக்கத் தேவையில்லை. காகிதத்தை ஒரு முறை பார்த்திருந்தாலே போதும். பார்த்திருந்தால் எதிர்த்திருக்கலாம், எதிர்ப்பு பலிக்காவிட்டால் வழக்கறிஞரை அணுகியிருக்கலாம், அதுவும் முடியாவிட்டால் விலகியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. இயக்குநர் பதவி அலங்காரத்துக்கு உரியதல்ல என்ற கருத்தை நீதிமன்றம் அங்கே அழுத்திச் சொன்னது. துயரத்தில் இருந்த ஒரு மூதாட்டியிடம் இத்தனைக் கடுமை தேவையா என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் பணத்தை இழந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், மூன்று பெயர் இருந்த பலகையில் ஒரு பெயராவது விழித்திருக்கும் என்று நம்பித்தானே அவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள்?

ஏறக்குறைய அதே காலத்தில், 1977இல், ஆங்கில நீதிமன்றத்தில் டார்செஸ்டர் ஃபைனான்ஸ் வழக்கு தீர்ந்தது. கடன் கொடுக்கும் அந்த நிறுவனத்தில் மூன்று இயக்குநர்கள். அன்றாட வேலையை ஒருவர் மட்டுமே பார்த்தார். மற்ற இருவரும் கணக்குத் துறையில் தேர்ந்தவர்கள். எப்போதாவது வருவார்கள், வரும்போது முதலாமவர் நீட்டும் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தொகையையும் பெறுபவர் பெயரையும் அவர் பிறகு நிரப்பிக்கொள்வார். கடன்கள் திரும்பி வராமல் போனபோது மூவருமே பொறுப்பு என்று தீர்ப்பானது. அன்றாட நிர்வாகத்தில் இல்லாதவர் என்ற வாதம் அவர்களுக்கு உதவவில்லை. உங்களில் எத்தனை பேர் எழுதப்படாத காசோலையிலும் நிரப்பப்படாத படிவத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இன்று இந்த மாற்றம் சட்ட நூலிலேயே ஏறிவிட்டது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 174ஆம் பிரிவு இரண்டு அளவுகோல்களை ஒருசேர வைக்கிறது. அந்தப் பொறுப்பில் இருக்கும் எவரிடமும் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய அறிவும் திறமையும் கவனமும் அடிமட்டம். அதற்குக் கீழே யாரும் இறங்க முடியாது. அந்த இயக்குநருக்குத் தனிப்பட்ட தேர்ச்சி ஏதேனும் இருந்தால் எதிர்பார்ப்பு மேலே ஏறும். தேர்ச்சி இல்லை என்பதற்காகக் கீழே இறங்காது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் 166ஆம் பிரிவில் நியாயமான கவனம், திறமை, விழிப்புடன் செயல்படவும், சொந்தமாகச் சிந்தித்து முடிவெடுக்கவும் இயக்குநரைக் கட்டாயப்படுத்துகிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் 157ஆம் பிரிவு நேர்மையையும் நியாயமான உழைப்பையும் கேட்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருடைய நிறுவனத்துக்கு உள்ளூர் இயக்குநராக இருந்த கணக்காளர் ஒருவர், அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனதைக் கவனிக்கத் தவறியதற்காகப் பெற்ற சிறைத் தண்டனையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது என்பதில் யாருக்கும் பெரிய ஐயம் இல்லை. கேட்காமல் இருந்ததுதான் குற்றமானது.

'நான் படித்தவனில்லை, கணக்கு எனக்குப் புரியாது' என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெத்தப் படித்தவர்களும் இதே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சென்ட்ரோ நிறுவனக் குழுமத்தின் இயக்குநர்கள் அனுபவம் மிக்கவர்கள். அவர்களுக்குப் பெயர்பெற்ற தணிக்கையாளர்களும் இருந்தார்கள். 2007ஆம் ஆண்டுக் கணக்கில், ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய ஏறத்தாழ 150 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் நீண்டகாலக் கடன் என்று தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. அதை எல்லோரும் ஏற்றுக் கையொப்பமிட்டார்கள். கட்டுக் கட்டாகக் காகிதம் வந்தது, அதற்குள் எதைத் தேடுவது என்று அவர்கள் முறையிட்டபோது, தமக்கு என்ன தகவல் எந்த அளவில் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இயக்குநர்களிடமே இருக்கிறதே என்று 2011இல் கூட்டாட்சி நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. நிதி அறிக்கையை வாசித்துப் புரிந்துகொள்வது எவரிடமும் ஒப்படைத்துவிட முடியாத கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் உயிர்.

அதே நேரத்தில், சட்டம் உங்களிடம் தீர்க்கதரிசனத்தைக் கேட்கவில்லை. நன்கு விசாரித்து, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு நட்டத்தில் முடிந்தால் அதற்காக நீதிமன்றங்கள் இயக்குநரைத் தண்டிப்பதில்லை. வணிகம் என்றால் நட்டமும் இருக்கும் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். 1980இல் அமெரிக்காவின் டிரான்ஸ் யூனியன் நிறுவனத்தை ஒரு பங்கு 55 டாலர் என்று விற்க அதன் குழு ஏறத்தாழ இரண்டு மணி நேரக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டது. மேசையில் மதிப்பீட்டு அறிக்கை இல்லை, ஒப்பந்தத்தை யாரும் படித்திருக்கவில்லை, தலைவரின் 20 நிமிடப் பேச்சே ஆதாரம். விலை சந்தை விலையைவிட அதிகம்தான். இருந்தும் 1985இல் டெலவேர் உச்ச நீதிமன்றம், தகவல் அறியாமல் எடுத்த முடிவு என்று இயக்குநர்களைப் பொறுப்பாக்கியது. அதிர்ந்துபோன அந்த மாநிலம் மறு ஆண்டே, கவனக்குறைவுக்கான இழப்பீட்டிலிருந்து இயக்குநர்களுக்கு விலக்களிக்க நிறுவனங்களை அனுமதித்தது. ஆனால் விசுவாசத்தை மீறுவதற்கு அங்கும் விலக்கில்லை.

விசுவாசம் என்று சொன்னதும் நீங்கள் உங்களை நியமித்தவரை நினைத்துக்கொள்வீர்கள். உங்கள் விசுவாசம் அவருக்கு உரியதல்ல, நிறுவனத்துக்கு உரியது. சட்டத்தின் கண்ணில் நிறுவனம் தனி ஆள். 1896இல் சாலமன் வழக்கில் ஆங்கிலப் பிரபுக்கள் சபை நிலைநிறுத்திய அந்தக் கோட்பாடுதான் பங்குதாரரின் வீட்டையும் நகையையும் நிறுவனத்தின் கடனிலிருந்து காப்பாற்றுகிறது. அதே கோட்பாடுதான் உங்களுக்கு எதிராகவும் திரும்புகிறது. நிறுவனம் வேறு ஆள் என்றால் அதன் பணத்தை உங்கள் கணவர் எடுக்க நீங்கள் ஒப்புதல் தருவது, அடுத்தவர் பணத்தை எடுக்க ஒப்புதல் தருவதாகும். நிறுவனம் தள்ளாடத் தொடங்கிவிட்டால் கடன் கொடுத்தோரின் நலனையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2022இல் சீக்வானா வழக்கில் தெளிவாக்கியது. பிழைக்க வழியில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன் மேல் கடன் வாங்கி நிறுவனத்தை ஓட்டிய இயக்குநர் தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடு செய்ய வேண்டி வரும் என்று அந்நாட்டின் 1986ஆம் ஆண்டு நொடிப்புநிலைச் சட்டம் முன்பே சொல்லிவிட்டது.

'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பங்குதாரருக்கான வரையறை. இயக்குநர் என்ற தொப்பியை அணிந்தவருக்கு அது பொருந்தாது. இந்தியாவில் தனியார் நிறுவனத்திடம் வசூலிக்க முடியாத வருமான வரியை இயக்குநர்களிடம் வசூலிக்க வழி இருக்கிறது. வசூலாகாமல் போனதற்குத் தம்முடைய பெரும் அலட்சியமோ கடமை தவறியதோ காரணமல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை இயக்குநரின் தலையில்தான். ஆண்டுக் கணக்குகளைத் தொடர்ந்து 3 ஆண்டுகள் பதிவாளரிடம் தாக்கல் செய்யாத நிறுவனத்தின் இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதியிழக்கிறார்கள். 2017இல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் தகுதியிழந்தபோது, தாங்கள் இயக்குநர்கள் என்பதே அன்றுதான் பலருக்கு நினைவுக்கு வந்தது.

உங்களை மிரட்டுவது என் நோக்கமன்று என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எல்லாப் பிரிவும் எல்லா இயக்குநரையும் பிடிப்பதில்லை. காசோலை திரும்பி வந்த வழக்குகளில், இயக்குநர் என்ற பெயர் இருப்பதாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது, அவர் அப்போது நிறுவனத்தின் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்ததாகப் புகாரில் சொல்லப்பட வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, காசோலையில் கையெழுத்திட்டவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டவர் நீங்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஊழியராக இருந்துகொண்டே இயக்குநராக்கப்பட்டவர்களுக்கும், இயக்குநர் அல்லாத உயர் அலுவலர்களுக்கும் ஒரு சொல். நிதி அலுவலர், நிறுவனச் செயலர், மனிதவள அதிகாரி ஆகியோர் 'மேலிடம் சொன்னது, செய்தேன்' என்று ஒதுங்கும் வழக்கமும் தேய்ந்து வருகிறது. தம் துறையில் எழும் அபாயக் குறிகளைக் கண்டும் காணாமல் விடக்கூடாது என்ற மேற்பார்வைக் கடமை இயக்குநர்களுக்கு மட்டுமல்ல, அலுவலர்களுக்கும் உண்டு என்று 2023இல் மெக்டொனால்ட்ஸ் வழக்கில் டெலவேர் நீதிமன்றம் கூறியது. நிறுவனம் எடுத்து வைக்கும் பொறுப்புக் காப்பீடு வழக்குச் செலவுக்கு உதவும். மோசடி நிரூபணமானால் கைவிரித்துவிடும்.

இனி என் தொழில் சார்ந்த ஒன்று. எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை என்கிறீர்கள். ஆனால் குறைந்தபட்ச வருகையைக் காட்டுவதற்காக, நீங்கள் வந்திருந்ததாகவே பல கூட்டக் குறிப்புகளில் எழுதப்பட்டிருக்கும். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். ஆண்டு முடிவில் ஒரே மூச்சில் எல்லாக் கட்டங்களிலும் போட்டிருப்பீர்கள். நேர்மையாகப் பதிந்திருந்தால், 12 மாதங்களில் நடந்த ஒரு கூட்டத்துக்கும் வராத இயக்குநரின் பதவி, விடுப்புக் கேட்டிருந்தாலும்கூட, இந்தியச் சட்டப்படி தானாகவே காலியாகியிருக்கும். ஆகவே அந்தப் பொய் உங்களைப் பதவியில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஐந்தாண்டு கழித்து நீதிமன்றத்தில் 'நான் அங்கே இல்லை' என்று நீங்கள் சொல்லும்போது உங்களுக்கு எதிராக நிற்கப் போவது உங்கள் கையெழுத்துதான். டிஜிட்டல் கையொப்பச் சாதனம் கணக்காளரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது என்றால் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் உறங்கும்போதும் உங்கள் கை எழுதிக்கொண்டிருக்கும்.

விலகிவிடலாம் என்று முடிவு செய்தால் முறையாக விலகுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். எழுத்து மூலம் நிறுவனத்துக்கு அறிவித்து, அது கிடைத்ததற்கான சான்றை வைத்துக்கொண்டு, பதிவாளரின் பதிவேட்டில் பெயர் நீங்கிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். விலகல் பின்னோக்கிச் செல்லாது. பதவியில் இருந்த காலத்துக்கான பொறுப்பு உங்களோடு வரும். அதனால்தான் விலகுவதற்கு முன்பே, ஒப்பாத தீர்மானத்துக்கு உங்கள் மறுப்பு எழுத்தில் ஏறியிருக்க வேண்டும் என்கிறேன். பின்னால் இருந்து ஆட்டுவித்தவர் தப்பிவிடுவாரோ என்று கவலைப்பட வேண்டாம். பதிவேட்டில் பெயர் இல்லாமலே குழுவை நடத்துபவரை நிழல் இயக்குநர் என்று பல நாட்டுச் சட்டங்கள் பிடிக்கின்றன. ஆனால் அவர் பிடிபடுவது உங்களை விடுவிக்காது.

விலகாமல் தொடர்வதாக இருந்தால், அடுத்த கூட்டத்தின் வரைவுக் குறிப்பு உங்களுக்கு வர வேண்டும் என்று நிறுவனச் செயலரிடம் கேளுங்கள். இந்தியாவில் குழுக் கூட்டங்களுக்கான செயலகத் தரநிலைப்படி, கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் அந்த வரைவை ஒவ்வோர் இயக்குநருக்கும் அனுப்ப வேண்டும். திருத்தம் சொல்ல உங்களுக்கு 7 நாட்கள் உண்டு. அதில் வந்தோர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, நீங்கள் போகாதிருந்தால், 'நான் அந்தக் கூட்டத்தில் இல்லை, குறிப்பைத் திருத்துங்கள்' என்று அந்த 7 நாட்களுக்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அன்புடன்,
கூட்டக் குறிப்புகள் எழுதி ஓய்வுபெற்ற ஒரு நிறுவனச் செயலர்